மாடியிலிருந்து வரும் தாளிப்பு

பேசிக்கொண்டிருக்கும்போதே குத்புதீனின் மூக்கு மாடிப்படிப் பக்கம் திரும்பிவிடும். துணி அளக்கும் கை நிற்காது. ஒருமுறை உறிஞ்சிப் பார்ப்பார். "டீ ரெடி" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார்.

பாயா ரும்புட் ஊரில் கீழே துணிக்கடை, மேலே வீடு. கடையில் ஆள் இருக்கும்போது கணவரைக் கூவி அழைப்பது அஜீசாவுக்குப் பிடிக்காது. கைப்பேசியை எங்கே வைத்தோம் என்பது குத்புதீனுக்கே தெரியாது. ஆகவே அடுப்புதான் பேசும். இஞ்சி மணந்தால் தேநீர். வெங்காயம் சிவந்தால் விருந்தாளி. காய்ந்த மிளகாய் கருகினால், அரட்டை போதும், மேலே வாருங்கள். அந்த நெடிக்கு வாடிக்கையாளர்களும் இருமிக்கொண்டே கிளம்பிவிடுவார்கள்.

நோன்புப் பெருநாளுக்குப் பெம்பானில் தம்பி வீட்டுக்குப் போன குத்புதீன், தம்பி மனைவியின் நெய்ச்சோற்றை, "தெருமுனையிலயே மணக்குது லா" என்று எல்லார் முன்னாலும் புகழ்ந்துவிட்டார். அன்றோடு அஜீசா பேச்சை நிறுத்தினாள். நெய்ச்சோறும் நின்றது. தினமும் கருவாடு.

"என்னா மாமா, பட்டுல கருவாட்டு வாசம் வருது?" என்றாள் புடவை பார்க்க வந்த ஆசிரியை நளினி.

"மேலேருந்து வந்த மெசேஜ்மா. இன்னும் கோவம் தீரல."

"ஒரு சாரி சொல்லிருங்க லா."

"சொன்னேன். அதுக்குப் பதில்தான் இது."

எந்தச் சண்டையையும் அஜீசா வாய் திறந்து முடித்ததில்லை. பாண்டான் என்னும் வாசனை இலையை முடிச்சுப் போட்டு நெய்ச்சோற்றில் இடுவாள். அந்த மணம் கீழே இறங்கினால் சமாதானம். அதைத் தவறவிடக் கூடாதென்று குத்புதீன் கடையில் சாம்பிராணி போடுவதைக்கூட விட்டுவிட்டார்.

நேற்று நளினிக்கு ரவிக்கைத் துணி வெட்டும்போது பாண்டான் மணம் வந்தது. பின்னாலேயே நெய். கத்தரியைத் துணியின் நடுவிலேயே விட்டுவிட்டு, "கடைய கொஞ்சம் பாத்துக்கம்மா" என்று படியேறினார்.

மேலே அடுப்பு எரியவில்லை. அஜீசா கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள். திறந்த ஜன்னல் வழியே பக்கத்து வீட்டு மணம் வந்துகொண்டிருந்தது. அளவு நாடா தோளில் தொங்க, குத்புதீன் மூச்சு வாங்க நின்றார்.

"அது மணியம் வீட்டு அடுப்பு." பெருநாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு.

"தெரியும் புள்ள. டீ குடிக்கலாம்னுதான் வந்தேன்."

"இங்க எங்க டீ கொதிக்குது?"

அஜீசா அவருடைய வியர்த்த முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். கருவாட்டைத் தட்டுப் போட்டு மூடினாள். கையைக் கழுவிவிட்டுப் போய், மணியம் வீட்டுப் பக்கத்து ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு, பாண்டான் இலையை எடுத்து முடிச்சுப் போட்டாள்.