யார் வந்தாலும் எழாத இருக்கை

செருப்புக் கடையில், பெண்கள் பகுதியில் விற்பனைக்கு நிற்பவர் நெட்டையக்கா. நிற்பவர் என்று சும்மா சொல்லவில்லை. ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நிற்பார். கெண்டைக்காலில் நரம்பு முறுக்கிப் புடைத்துவிட்டது. இடையிடையே உட்காருங்கள், முடியாவிட்டால் வேலையை விடுங்கள் என்றார் டாக்டர். விட்டால் வீட்டில் உலை ஏறாது. வீட்டுக்காரர் படுத்த படுக்கை.

எங்கள் கடை ஊழியர் சங்கத்தின் கோரிக்கையை எழுத உட்கார்ந்தோம். 'ஓய்வு வசதி' என்று போட்டால் போதும் என்றார்கள் சிலர். நெட்டையக்கா ஒப்பவில்லை.

"அப்படிப் போட்டா மாடியில ஒரு பெஞ்சப் போட்டுட்டு கையக் கழுவிடுவாங்க அண்ணே. வலி கீழ, பெஞ்சு மேல. இருக்கைன்னே எழுதுங்க. எங்க நிக்கிறோமோ அங்கயே."

அப்படியே எழுதினோம். இழுபறிக்குப் பிறகு ஆளுக்கொரு ஸ்டூல் வந்தது.

வந்து என்ன? ஒருத்தியும் உட்காரவில்லை. மேனேஜர் தலை தெரிந்தால் துள்ளி எழுந்தார்கள். கண்ணாடிக் கதவு அசைந்தால் எழுந்தார்கள். நெட்டையக்காவும்தான். பழகிய கால் அப்படி. கடைசியில் ஸ்டூல்களில் அட்டைப் பெட்டிகள் ஏறின.

மேனேஜருக்குக் கொண்டாட்டம். "பாவம், பெட்டிங்களுக்குத்தான் கால் வலி போல! நாளைக்கு முதலாளி வர்றாரு. ஒருத்தரும் உக்கார்றதில்லன்னு காட்டிட்டு எல்லாத்தையும் தூக்கிடறேன்."

மறுநாள் முதலாளி நுழைந்தார். வரிசையே விறைத்து நின்றது. நெட்டையக்கா மட்டும் பெட்டிகளை இறக்கிவிட்டு, ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யக்கா, எழுந்திரு, வேலை போயிடும்," பக்கத்தில் நின்றவள் கிசுகிசுத்தாள்.

"சும்மா இருடி."

முதலாளி நேரே அவர் முன்னால் வந்து நின்றார். "ஏம்மா, என்னைப் பாத்தா ஆளாத் தெரியலையா?"

"தெரியுது முதலாளி. எந்த சைஸ் வேணும்? சொல்லுங்க, எழுந்து எடுத்துத் தர்றேன்."

"எனக்கு ஒண்ணும் வேணாம்."

"அப்ப உக்காந்திருக்கேன் முதலாளி. கால் ரொம்ப வலிக்குது."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி அந்தக் காலைப் பார்த்தார். புடைத்த நரம்பு மறைக்கிற மாதிரி இல்லை. பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"யாரும் உக்கார்றதில்லன்னு சொன்னே?"

முதலாளி ஆண்கள் பகுதிக்கு நடந்தார்.

கிசுகிசுத்தவள் தன் ஸ்டூலில் இருந்த பெட்டிகளை இறக்கினாள். முதலாளி இன்னும் கடைக்குள்தான் இருந்தார். அவள் உட்கார்ந்தாள். அடுத்தவளும் பெட்டியில் கை வைத்தாள்.