டேங்க் மூடியில் களிமண்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அங்கே பழைய பிக்கப் ஓட்டியவர் என்னை நேராகப் பார்த்ததே இல்லை. புருவமெல்லாம் களிமண் தூசி. என்ன கேட்டாலும் துப்பிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

அந்த வண்டி வழியில் அடிக்கடி நின்றது. டீசல் திருடத்தான் நிறுத்துகிறார் என்று முதலாளிக்குச் சந்தேகம். கூடப் போய்ப் பார்த்து வரச் சொல்லி என்னை ஏற்றிவிட்டார்.

கருவேப்பிலங்குறிச்சி தாண்டி வண்டி நின்றது. அவர் இறங்கி டேங்க் மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மூடியில் காற்றுக்காக இருந்த சின்ன ஓட்டையைக் களிமண் அடைத்திருந்தது; காற்று போகாமல் டீசல் இறங்கவில்லை, அதனால்தான் வண்டி நின்றிருக்கிறது. கம்பியால் குத்தி எடுத்தேன். ஸ்ரீமுஷ்ணம் வரை வண்டி நிற்கவில்லை.

"இனிமே நிக்காதுங்கண்ணே" என்றேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"ஒன்ன யார்றா கேட்டா? வண்டி நிக்கலன்னா, நீ வந்ததும் திருட்டு நின்னுபோச்சும்பான் மொதலாளி."

"ஓட்டை அடச்சிருந்துச்சுன்னு நான் சொல்றேங்க."

"வேவு பாக்க வந்த பயலு, எனக்காவ பேசப் போறியா? அவன் வந்து ஒக்காரட்டும். அவன் கண்ணு முன்னால வண்டி நிக்கட்டும்."

வண்டியில் ஒட்டியிருந்த களிமண்ணைக் கிள்ளி, எச்சில் துப்பிப் பிசைந்து, ஓட்டையை அடைத்தார்.

திரும்பும் வழியில் வண்டி நின்றது. மூடியைத் திறந்து, உஸ் சத்தம் அடங்கும்வரை என்னையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.