மொதல்ல எனக்கு வைங்க

எண்பதுகளின் தொடக்கம். நாங்கள் நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் கணவருக்கு அனல்மின் நிலையத்தில் எலக்ட்ரிகல் வேலை. ஆனால் வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதென்றாலும் மெயினை அணைத்து, எங்களையெல்லாம் வாசலுக்குத் துரத்திவிட்டுத்தான் கை வைப்பார். அவ்வளவு தைரியசாலி!

எனக்கு மார்பில் கட்டி வந்து, சென்னையில் ஆபரேஷன் நடந்தது. புற்றுநோய்தான் என்றார்கள். தையல் ஆறியதும் நர்ஸ் வந்து, "புது மெஷின் வந்திருக்கும்மா. உங்களுக்குக் கரண்ட் வைக்கணும். அப்பதான் திரும்ப வராம இருக்கும்" என்றார். கதிர்வீச்சு சிகிச்சைக்கு ஜனங்கள் வைத்திருந்த பெயர் அதுதான்.

கரண்ட் என்று காதில் விழுந்ததும் இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. வேலையிடத்தில் ஷாக் அடித்து ஒருவர் தூக்கி எறியப்பட்டதைக் கண்ணால் பார்த்தவர். "வேணாம். வா, ஊருக்குப் போயிடலாம்" என்று பையில் துணிகளைத் திணிக்க ஆரம்பித்தார். "ஏங்க, பிள்ளைங்க சின்னதுங்க. நான் பொழைக்கணும்ங்க" என்று அழுதுவிட்டேன். பையை அப்படியே போட்டுவிட்டு, என்னை அழைத்துக்கொண்டு நேராக டாக்டரிடம் போனார்.

"எத்தனை வோல்ட் சார்?" என்று கேட்டார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, கையை மேஜைமேல் நீட்டினார். "மொதல்ல எனக்கு வைங்க சார். நான் தாங்கினா இவளுக்கு வைங்க." கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

தங்கமான மனிதர், டாக்டர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து இவர் தோளில் கை போட்டு, எங்களை மெஷின் அறைக்கே கூட்டிப்போனார். "இது ஷாக் அடிக்கிற கரண்ட் இல்லீங்க, கதிரு. எக்ஸ்ரே எடுக்கிற மாதிரி, வைக்கும்போது ஒண்ணும் தெரியாது. நோய் இல்லாத உடம்புக்குத்தான் இதை வைக்கக் கூடாது. அதனால உங்களுக்கு வைக்க மாட்டேன்" என்றார். இவர் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து, எர்த் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தலையை ஆட்டினார்.

சிகிச்சை தொடங்கியது. டாக்டர் சொன்னபடி வலியில்லை. போகப் போகத் தோல் கருத்தது, உடம்பு ஓய்ந்துபோனது. எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். பிள்ளைகளின் கல்யாணத்தையும் பார்த்துவிட்டேன்.

நாங்கள் இன்றைக்கும் சண்டை போடாத நாளில்லை. ஆசையாக ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதர்தான். ஆனாலும் கரண்ட் என்ன செய்யும் என்று நன்றாகத் தெரிந்தவர் எனக்காக அன்று கையை நீட்டிக்கொண்டு நின்றாரே, அதை நினைத்ததும் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு அவருக்குக் காப்பி போடப் போய்விடுவேன்.