பாலத்துக்குப் பிள்ளை பிடிக்கிறவர்கள்

பிரிக்ஃபீல்ட்ஸில் கம்பிச்சடக்கு, அதாவது ரயில் பாதை, வேலைக்காரர்களின் லயத்தில் நாங்கள் குடியிருந்த காலம். கிள்ளான் ஆற்றின்மேல் புதிதாக ஒரு பாலம் கட்ட ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தார்களோ இல்லையோ, கதையும் கிளம்பிவிட்டது. தூண் நிற்க வேண்டுமானால் பிள்ளைத் தலை காவு கொடுக்க வேண்டுமாம். அதற்குத் துரை ஆள் விட்டிருக்கிறானாம், சாக்கும் கையுமாகத் திரிகிறார்களாம். துரை கேட்டானா, தூண்தான் கேட்டதா, ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பெற்றவர்களுக்கெல்லாம் அந்தக் கதை ரொம்ப வசதியாகப் போயிற்று. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் ரயில், நடுவில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறு என்னதான் செய்வது? "ஆத்துப் பக்கம் போனே, பாலத்துக்காரன் புடிச்சுக்குவான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டோடு கிடக்கும்.

அடுத்த வீட்டுக்காரிக்கு அப்போதுதான் ஆண் குழந்தை பிறந்திருந்தது. தீட்டுக் கழியவில்லை. உள்ளறையில் தலையில் துணியைக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். மூத்தது ஐந்து வயதுப் பெண். சரியான வாலு. மத்தியானம் சோறு தின்னும்வரை எங்கள் கண்முன்னால்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, பெரியவ சத்தத்தையே காணோமே?" என்று உள்ளேயிருந்து அவள் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. லயத்தில் ஒரு வீடு விடாமல் பார்த்தோம். இல்லை.

ரயில் பட்டறைக்கு ஆள் ஓடிற்று. பிள்ளையின் அப்பா முகத்திலும் கையிலும் கரியோடு ஓடி வந்தார். அவரோடு வேலை செய்தவர்கள் கையைக்கூடக் கழுவாமல் பின்னாலேயே வந்தார்கள். முன்வரிசை வீட்டிலிருந்து ஆபீஸில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி ஐயா குடையோடு இறங்கி வந்து, ஆட்களைப் பிரித்து அனுப்பினார். கரையோரம் சிலர், தண்டவாளத்துப் பக்கம் சிலர். அக்கரைக் கம்பத்துக் கிராமத்து மலாய்க்காரர்கள் சம்பான் படகைத் தள்ளிக்கொண்டு அவர்களாகவே வந்துவிட்டார்கள். யாரும் யாரையும் கெஞ்சவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் கும்பிடத் தோன்றுகிறது.

புல் ஆள் உயரத்துக்கு நின்றது. பாம்பு விலக வேண்டும், பிள்ளைக்கும் கேட்க வேண்டும் என்று ஆளுக்கொரு மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டிக்கொண்டு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். கரையில் புதைப்பதற்காகச் சிமெண்டுக் குழாய்களைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அவற்றின்மேலும் தட்டினார்கள். அப்பா கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கட்டிப்போய், கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஆறு செம்மண் நிறத்தில் பொங்கி ஏறிற்று.

"பெத்த அப்பன் கூப்பிட்டே சத்தம் வரலை. இனிமே ஆத்துலதான் பார்க்கணும்" என்றார் ஒருவர். கயிறும் கொக்கியும் எடுக்க ஆள் போயிற்று.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. வெளிச்சம் இருக்குமட்டும் தேடுவம்" என்றார் கிராணி ஐயா. சொன்னாரே தவிர, அவர் கண்ணும் ஆற்றின்மேல்தான் இருந்தது.

என் மகள் வீட்டில் இருக்கிறாளா என்று பார்க்க ஓடினேன். காணோம்! அலறிவிட்டேன். பார்த்தால் கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கிறாள்.

"ஏண்டி, இங்க என்னடி பண்றே?"

"பாலத்துக்காரங்கம்மா. தகரம் தட்டிக்கிட்டு, பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க."

"அடிப்பாவி, அது நம்ம மாமாங்கடி!"

"நம்ம ஆளுங்க குரல்லயே கூப்பிடுவாங்க, வாயைத் தொறக்கக் கூடாதுன்னு எல்லாரும்தானே சொன்னீங்க?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளையும் ஆற்றோடு போகவில்லை, எங்கேயோ இப்படித்தான் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கிறாள். நாங்கள் சத்தம் போடப் போட இன்னும் உள்ளே போகிறாள். வெள்ளமோ ஏறுகிறது.

அடுத்த வீட்டுக்குள் நுழைந்து, "நீ வந்து கூப்பிடு தாயி" என்றேன். மருத்துவச்சி குறுக்கே கையை நீட்டினாள்.

"பச்சை உடம்புக்காரி. மழையில போனா சன்னி கண்டுரும்."

வந்ததே எனக்குக் கோபம்! "போகாட்டி பிள்ளை போயிருமே, அதுக்கு என்ன கஷாயம் வச்சிருக்கே?" என்று கத்தினேன். நாங்கள் இங்கே மல்லுக்கு நிற்கும்போதே, பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையை அப்படியே சேலைக்குள் சுற்றிக்கொண்டு அவள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

கரைக்குப் போனதும், தகரத்தை நிறுத்துங்கள், ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது என்று அத்தனை ஆண்பிள்ளைகளையும் அதட்டினேன். நிறுத்தினார்கள். மழைச் சத்தம் மட்டும்தான். அவள் கூப்பிட்டாள். கண்ணே, ராசாத்தி என்று என்னென்னவோ சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. சேற்றில் அவளுக்குக் கால் வழுக்கிற்று. நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். சேலை விலகி, கைக்குழந்தையின் முகத்தில் மழை அடித்தது. அது வீறிட்டு அழுதது.

லாலான் புல் மூடிக் கிடந்த கடைசிக் குழாய்க்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா, பாப்பா நனையுது."

குழாயின் வாயில் தண்ணீர் ஏறிவிட்டிருந்தது. புல்லைப் பிய்த்தெறிந்து, நானும் அவளுமாகக் கையைக் கொடுத்து இழுத்தோம். வந்துவிட்டாள். உடம்பெல்லாம் விறைத்துப்போயிருந்தது, ஆனால் உயிரோடு வந்துவிட்டாள். பிள்ளை மிரண்டுவிடும் என்று ஆண்கள் தள்ளியே நின்று விம்மினார்கள்.

அப்பா தகரத்தைப் போட்டுவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். கரி முகம், குரலும் இல்லை. பிள்ளை வீல் என்று கத்திக்கொண்டு அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டது. அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

சேலைக்குள்ளிருந்து அது அம்மாவிடம் ரகசியமாகத்தான் சொல்லிற்று. அவர் காதிலும் விழுந்தது.

"உன்னை மாதிரியும் கூப்பிட்டாங்கம்மா. அப்பா மாதிரியே ரொம்ப நேரம் அழுது அழுது கூப்பிட்டாங்க. அப்பா சொல்லிக் குடுத்த மாதிரி நான் போகவே இல்லை."

சொல்லிவிட்டு, கெட்டிக்காரி என்று யாராவது சொல்வார்களா என்று எங்கள் முகத்தைப் பார்த்தது.