கேட்டில் நனைந்தபடி நின்றவள்

கெலமங்கலத்தில் கால்பந்து மேட்ச் என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள். ஷிப்ட் முடிந்து பார்க்க வருவதாகச் சொன்னேன். ஆனால் யாருடன் பழகுகிறாள் என்று வேவு பார்க்க, பர்மிஷன் போட்டு முன்னதாகவே கிளம்பினேன்.

மைதானம் முழுக்க மழைத் தண்ணீர். "மேட்ச் அடுத்த வாரம்ங்க. புள்ளைங்க அப்பவே பஸ் ஏறிடுச்சுங்க" என்றார் டீக்கடைக்காரர்.

ஓசூர் திரும்பினால், வீடு பூட்டிக்கிடந்தது. எவனோடு சுற்றுகிறாளோ என்று வாசலிலேயே காத்து நின்றேன்.

செல் அடித்தது. கம்பெனி வாட்ச்மேன்.

"சார், ஷிப்ட்ல செல் எடுக்க மாட்டீங்கன்னு, மேட்ச் இல்லன்னு சொல்ல உங்க பொண்ணு நேர்லயே வந்துருக்குது. ரெண்டு மணி நேரமா கேட்லயே நனையுது. நீங்க அப்பவே கெளம்பிட்டீங்கன்னு சொன்னாலும் நம்பாம, 'எங்கப்பா எங்கிட்ட சொல்லாம போகமாட்டாரு'ங்குது."

ஏன் முன்னதாகக் கிளம்பினேன் என்பதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.