யூலியாவின் சனிக்கிழமைகள்

மேல்வீட்டு யூலியாவைப் பற்றிச் சொல்லென்கிறாள் பேத்தி சாண்ட்ரா. சொல்கிறேன். ஆனால் நான் சொன்னபடிதான் எழுத வேண்டும், அழகுபடுத்தக் கூடாது.

யூலியா யூதப் பெண். உக்ரைனில் கார்கீவ் நகரத்தில் ட்ராம் ஓட்டியவள். அந்தக் காலத்தில் அங்கே வேதம் படிக்க விடவில்லையாம். இங்கே ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சனுக்கு வந்து, அறுபது வயதுக்குப் பிறகுதான் தங்கள் வேதமான தோராவைப் படித்தாள். செபக்கூடத்தில் அதைக் கிழமைக்கு ஒரு பகுதியாக வாசித்து வருடத்தில் முடிப்பார்கள். சனிக்கிழமை மத்தியானம் நான் மேலே போனால், முதல் நாளே போட்டுப் போத்தலில் ஊற்றிவைத்த தேத்தண்ணி தருவாள். ஓய்வுநாளான சனிக்கிழமையில் அவர்கள் அடுப்பு மூட்டமாட்டார்கள். பிறகு அந்தக் கிழமைப் பகுதியை ஜெர்மனில் சொல்லி, அதை உலகச் செய்தியோடு பொருத்துவாள்.

நான் எழுத்துத் தெரியாதவள். மன்னாரில் பூசையில் கேட்ட கதைகள்தான் என்னிடம் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு அவளோடு நன்றாக வாதாடுவேன். சிரியாச் சனம் ரயில் ரயிலாக வந்து இறங்கிய கிழமை, தங்கள் முன்னோர் அலைந்து திரிந்த அரமேயர் என்று சொல்லும் பகுதி வந்ததாம். அரமேயர் சிரியாப் பக்கத்துச் சனம் என்று மேசையில் தட்டினாள். நான் விடவில்லை.

"எல்லாக் கிழமையும் பொருந்துமோ?"

"பொருந்தாட்டி இன்னொருக்கா வாசிப்பன்," என்றாள்.

கார்கீவில் குண்டு விழத் தொடங்கிய அந்தக் கிழமையும் போனேன். அவளுடைய தங்கை ரிம்மா அங்கே தனியாக இருந்தாள். வீட்டை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதம். முந்தின நாள் முழுக்கத் தொடர்பே இல்லை. ஓய்வுநாளில் யூலியா கைத்தொலைபேசியைத் தொடமாட்டாள். மின்சாரமும் அவர்களுக்குத் தீதான். அன்று அதை இழுப்பறைக்குள் வைத்திருந்தாள், ஆனால் அணைத்து வைக்கவில்லை.

அன்றைய பகுதி, ஓய்வுநாளில் வீடுகளில் தீ மூட்டாதே என்று தொடங்குகிறதாம். அவ்வளவோடு நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரத்தில் இழுப்பறை அதிர்ந்தது. அவள் எழும்பவில்லை.

"உயிர் போற இடத்தில எடுக்கலாமெண்டு நீர்தானே சொன்னனீர்," என்றேன்.

"ஓம். எனக்குத்தான் ஏலாது."

அவளைத் தடுத்தது சட்டமில்லை, பயம் என்று விளங்கியது. அந்தப் பக்கத்தில் வேறு யாரோ பேசி, ரிம்மா உயிரோடு இல்லை என்று சொல்லிவிட்டால்? மன்னாரில் சண்டை நடந்த காலத்தில் நானும் அப்படி இருந்தவள். இழுப்பறையை இழுத்தேன், எடுத்தேன், அவள் காதில் வைத்தேன். ரிம்மாவின் குரல்தான். யூலியா என் கையிலிருந்து பறித்து ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிக் கத்தினாள். பிறகு தொடர்பு அறுந்துவிட்டது.

ஸ்டேசனில் ரயில் நிற்கிறதாம், ஏறுவதா வீட்டுக்குத் திரும்புவதா என்று ரிம்மா கேட்டாளாம்.

"ஏறு எண்டன்," என்றாள். கையில் வெளிச்சம் போட்டபடி இருந்த தொலைபேசியைப் பார்த்தாள். "தீ மூட்டினது நான் இல்லை, பற்றிமா."

ரிம்மா மேல்வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அதன் பிறகு யூலியா ஒவ்வொரு கதையையும் ரஷ்யனில் ஒருமுறை, எனக்காக ஜெர்மனில் ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது. சலித்துக்கொள்வாள், ஆனால் ஒன்றையும் சுருக்கமாட்டாள். அந்த இரைச்சல்தான் எனக்குப் பிடித்தது.

போன மாரியில் யூலியா இறந்துபோனாள். இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறேன். ரிம்மாவுக்கு ஜெர்மன் வராது, எனக்கு ரஷ்யன் வராது. அவள் தொலைக்காட்சியில் எதையாவது காட்டுவாள், நான் தலையாட்டுவேன். அது எந்தக் கதையோடு பொருந்தும் என்று சொல்லத்தான் ஆளில்லை.