ஹ்யூமன் என்று எழுதியிருந்த மருந்து

நான் படித்தது அஞ்சாப்பு வரைக்கும்தான். தொண்ணூறுகளில் மகளோடு இருக்க அமெரிக்காவில் கேட்டி என்கிற ஊருக்கு வந்தபோது எனக்கு இங்கிலீஷும் தெரியாது, கார் ஓட்டவும் தெரியாது. மகளும் மாப்பிள்ளையும் ஆபீஸ் போய்விட்டால் வீட்டில் பேச ஆள் கிடையாது. வெளியே போவதென்றால் சனிக்கிழமை கோயில் சமையல்கட்டு ஒன்றுதான். நாலைந்து பொம்பளைகள் சேர்ந்து பிரசாதம் செய்வோம். புளியோதரை என் கை. நான் பேசாவிட்டாலும் அங்கே யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

ஒரு வருஷம் மாத்திரைக்குச் சர்க்கரை அடங்கவில்லை என்று டாக்டர் ஊசி எழுதிக் கொடுத்தார். மகள் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"ஹ்யூமன் இன்சுலின்னு போட்டிருக்கும்மா."

"ஹ்யூமன்னா என்ன கண்ணு?"

"மனுஷன்மா. மனுஷ இன்சுலின். ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கோ, எனக்கு மீட்டிங் இருக்கு."

அவள் போய்விட்டாள். நான் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரில் கண்தானத்துக்குக் கண்ணை எடுப்பது செத்தவர்களிடம்தான். அப்படியென்றால் இதையும் செத்தவர்களிடமிருந்துதான் எடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை.

தயிருக்குப் பக்கத்தில் இருந்த பாட்டிலை எடுத்துக் கீழ்த்தட்டில் தனியாக வைத்தேன். தினமும் ஊசி போட்டதும் தலைக்குக் குளித்தேன். "ஏம்மா, இந்தக் குளிர்ல டெய்லி ஹெட் பாத்தா?" என்று மகள் திட்டுவாள். "தலை நமைக்குது" என்பேன்.

ஆனால் கோயிலை நினைத்தால்தான் மனசு ஒப்பவில்லை. தலைக்குக் குளித்தால் மேலே இருக்கிற தீட்டு போகும். உள்ளே போனது எப்படிப் போகும்? சமையல்கட்டுக்குப் போகாமலும் என்னால் இருக்க முடியாது. அதனால் வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் ஊசியை விட்டுவிட ஆரம்பித்தேன்.

ஒரு சனிக்கிழமை நாக்கு வறண்டு தண்ணீர் தண்ணீராகக் குடித்தேன். புளிக்காய்ச்சலைக் கிளறும்போது சட்டி ரெண்டாகத் தெரிந்தது. அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

சமையல்கட்டுக்குப் பெரியவர் ஒரு அக்கா. குரல் பிரகாரம் வரைக்கும் கேட்கும். "என்னாச்சு உங்களுக்கு? சுகர் மாத்திரை போட்டீங்களா?"

"ஊசிங்க்கா. இன்னிக்குப் போடலீங்."

"ஏன்?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவர் விடுகிற ஆளில்லை. கடைசியில் காதோடு சொன்னேன். "செத்த மனுசன்கிட்ட எடுத்ததுங்க்கா. போட்டதும் தலைக்குக் குளிச்சுடறனுங். அதைப் போட்டுட்டு சாமிக்குச் சமைக்கலாமுங்களா?"

அக்கா திரும்பி, தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டார். அவள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள். "ஏய், இங்க வா. இன்சுலினைப் பொணத்துலேர்ந்தா எடுக்கறாங்க?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்த மூட்டைக்குள்ளேயே போய்விடலாம் போலிருந்தது.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. என் முன்னால் உட்கார்ந்தாள். "இல்ல ஆண்ட்டி. இன்சுலினை எப்படிச் செய்யணும்னு நம்ம உடம்புக்குள்ள ஒரு குறிப்பு இருக்கு. அதே குறிப்பை ஒரு பாக்டீரியாவுக்குள்ள வெச்சுடறாங்க. கிருமிதான், கண்ணுக்கே தெரியாது. அது பெரிய டேங்க்ல பெருகிப் பெருகி இன்சுலினைச் செஞ்சு கொடுக்கும். அப்புறம் கிருமியையெல்லாம் நீக்கிட்டு, மருந்தை மட்டும் சுத்தம் பண்ணி பாட்டில்ல அடைப்பாங்க. மனுஷ உடம்பு செய்யறது மாதிரியே இருக்கறதால அந்தப் பேரு. முன்னாடிதான் மாடு, பன்னிகிட்டேர்ந்து..."

"அதைச் சொல்லாதடி, மறுபடி குளிக்கப் போயிடுவாங்க" என்றார் அக்கா. பிறகு கரண்டியால் சட்டியைக் காட்டினார். "குறிப்புன்னா, சமையல் குறிப்பு மாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் ஆண்ட்டி."

"சரியாப் போச்சு. இந்தப் புளிக்காய்ச்சல் என் மாமியார் பக்குவம். அந்தம்மா செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. நான் உங்களுக்குச் சொன்னேன், நீங்க கிண்டறீங்க. இதுக்குத் தீட்டு உண்டா?"

நான் யோசித்தேன். "இல்லீங்."

"அப்ப அதுக்கும் இல்ல. மொதல்ல வீட்டுக்குப் போய் ஊசியப் போடுங்க. உங்க பொண்ணுக்கு போன் பண்றேன்."

மகள் வந்து காரில் கூட்டிப்போனாள். ஃப்ரீவேயில் ஏறின பிறகு, "என்கிட்ட கேட்டிருக்கலாம்லம்மா" என்றாள். "நீ மீட்டிங்குனு போனியே கண்ணு" என்றேன். அன்றைக்கு டாக்டரிடம் அவளே போன் பண்ணிப் பேசி, ஊசியையும் அவளே போட்டுவிட்டாள். நான் பாட்டிலை எடுத்துத் தயிருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை சமையல்கட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து சத்தம் வந்தது: "ஊசி போட்டாச்சா?" குருக்கள் வரைக்கும் திரும்பிப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். "வாயைத் திறந்து சொல்லுங்க!"

"போட்டாச்சுங்க்கா" என்றேன். அந்தக் கோயிலில் நான் சத்தமாகப் பேசினது அதுதான் முதல் தடவை. கையைக் கழுவிக்கொண்டு கரண்டியை எடுத்தேன்.